முதலில் பசியாறட்டும்

சனிக்கிழமை மத்தியானம் நான் காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போனபோது அம்மா உளுந்து ஊறப் போட்டிருந்தார். பெரிய அலுமினியச் சட்டியில், கழுத்து வரைக்கும். வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் இவ்வளவு உளுந்து எதற்கு என்று கேட்டேன். "நமக்குத்தான். நாளைக்கு நாம பசியாற வேணாமா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அந்த உளுந்தை ஆட்டினால் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கும் பதினோரு வீட்டுக்கும் தோசை ஊற்றலாம். ஊற்றிய பிறகும் மாவு மிஞ்சும். சண்டை போடுவதென்றால் அப்போதே போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. வெள்ளிக்கிழமை பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நின்றது. வீட்டுக்காரருக்கு ராவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் வீட்டில் எந்த வேலையும் என் தலையில்தான். கோல சிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள்ளே நாலு கிலோமீட்டர் காரோட்டி வந்ததே பெரிய காரியமாக இருந்தது. கைப்பையைச் சுவரோரம் போட்டுவிட்டு கிரைண்டரைக் கழுவினேன்.

விஷயம் இதுதான். மறுநாள் காலை ஒய்பி வருகிறார். சட்டமன்ற உறுப்பினர் சுகுமாறன் என்று முழுசாகச் சொல்ல இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. இன்னும் இரண்டு மாதத்தில் தேர்தல் என்று பேச்சு. தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனி, மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பதிலுக்கு ராவாங்குக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில் ஐந்தாவது, ஆறாவது மாடிகளில் வீடு. பழைய கம்பெனியோ, கோயிலுக்குப் பின்னாலிருக்கும் நாலு ஏக்கரில் தரைவீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தது. வாயால் சொன்னதுதான். அந்த வீடுகள் எழும்பும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்று ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் அடித்து வைத்திருந்தேன். அதன் கீழே ஒய்பி கையெழுத்துப் போட்டுவிட்டால் கம்பெனி கொஞ்சம் அடங்கும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிள்ளானிலிருக்கும் வக்கீல் சொன்னார். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு கையெழுத்துதான்.

ஐந்து வருடத்துக்கு முன்பும் இதே ஒய்பி, இதே வீட்டுக்கு வந்தார். மீகூனும் கோழிக் கறியும் சாப்பிட்டார். அப்போதும் அப்பா கையில் ஒரு மனு இருந்தது. சாப்பிடுகிற மனிதரிடம் போய்க் காகிதத்தை நீட்டுவது எப்படி என்று அப்பா காத்துக்கொண்டு நின்றார். சாப்பிட்டு முடித்ததும் ஒய்பிக்குப் போன் வந்தது, கிளம்பிவிட்டார். அந்த மனு இன்றைக்கும் பீரோவுக்குள் இருக்கிறது. அதனால்தான் புதன்கிழமை கோயில் முன்னால் எல்லாரும் கூடியபோது நான் எழுந்து சொன்னேன், இந்தத் தடவை முதலில் கையெழுத்து, அதுவரை எந்த வீட்டிலும் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று. பக்கத்து வீட்டுக் காளியம்மா அத்தை ஒரு படி மேலே போனார். "பச்சத் தண்ணிகூட குடுக்கக் கூடாது. எந்த வீட்டுல குடுக்குறீங்களோ, அந்த வீட்டுல அதுக்கப்புறம் நான் கை நனைக்க மாட்டேன்" என்றார். கை நனைப்பதை நிறுத்துவது என்றால் எங்களிடையே அது சின்னப் பேச்சு இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் மனம் ஒப்பவில்லை என்றால் கை நனைக்காமல் எழுந்து வருவார்கள். அண்ணன் தம்பி பிரிந்தால் முதலில் நிற்பது அதுதான். அத்தையும் அம்மாவும் நாற்பது வருடம் ஒரே செம்பனை நிரையில் களைக்கு மருந்து அடித்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தச் சுவர் வழியாகத் தாளிக்கும் வாசனை போகும், பின்னாலேயே தட்டும் போகும்.

இதில் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் பகுதி நேரமாக முதுகலை ஆய்வு செய்கிறேன். ஆறாவது வருடம் ஓடுகிறது. விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவல்களில் விருந்தும் அரசியலும் என்பது தலைப்பு. "வெள்ளக்காரன் சோத்தப் பத்திப் படிக்கவா இத்தன வருசம்?" என்று அப்பா ஒரு தடவை கேட்டார், கேலியில்லாமல், உண்மையாகவே தெரியாமல். அந்த நாவல்களில் தேர்தல் வந்துவிட்டால், வருடம் முழுக்கக் குடியானவன் வாசலை மிதிக்காத பண்ணையார் குதிரை வண்டியிலிருந்து இறங்கி உள்ளே வருவார். குடியானவன் மனைவி நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போடுவாள். யாருக்கும் எடுக்காத கோப்பையை எடுத்துத் தேநீர் ஊற்றுவாள். அவர் குடித்துவிட்டு ஒரு பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போவார். அந்தக் காலத்தில் ரகசிய வாக்கு வருவதற்கு முன்பு, யார் யாருக்குப் போட்டார் என்பது ஊருக்கே தெரியும். இன்னொரு அத்தியாயத்தில் அதே பண்ணையார் மாட்டை நெருப்பில் சுட்டு ஊருக்கு விருந்து போடுவார். அவர் போட்டாலும் அவருக்கு லாபம், அவர் தின்றாலும் அவருக்கு லாபம் என்று நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். எனக்கே பிடித்திருந்தது. மேற்பார்வைப் பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதித் திருப்பியனுப்பினார்: அந்த மனைவிக்கு எல்லாம் தெரிந்தும் ஏன் தேநீர் ஊற்றுகிறாள், அதை நீங்கள் சொல்லவே இல்லையே. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். நேரமில்லை என்று அவருக்குப் பதில் அனுப்பினேன், அதுவும் பொய் இல்லை.

அப்பாவைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. நல்லசாமி என்றால் இந்த வட்டாரத்தில் பழைய ஆட்களுக்குத் தெரியும். செம்பனைக் குலை வெட்டி, கடைசியில் ஆட்களை மேய்க்கும் மண்டோராகி, முப்பத்தெட்டு வருடம். அத்தனை வருடத்தில் ஆபீஸ் கிராணியோ மேனேஜரோ லயத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கிராணி வாசலில் நிற்பார், அம்மா செம்போடு போனால் வேண்டாமென்று கையை ஆட்டுவார். கோபமாக இல்லை, மரியாதையாகத்தான் ஆட்டுவார், அதுதான் இன்னும் வலிக்கும். அப்படியிருந்த வீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா வைத்ததை விரலை நக்கிச் சாப்பிட்டார். அன்றைக்கு அப்பாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அன்றைக்கு எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல் வரும், கொஞ்ச நேரத்தில் பாவமாகவும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன ஒய்பி பதினொன்றேகால் வரைக்கும் வரவில்லை. எட்டரைக்கே கோயில் நாற்காலிகளையும் ஒரு மேசையையும் கொண்டுவந்து வாசலில் போட்டிருந்தோம். எல்லாரும் குளித்து, துவைத்த உடுப்பில், வெயில் நகர நகர நாற்காலியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தோசையெல்லாம் சுட்டு சூட்டுப் பெட்டியில் அடுக்கி, அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டார். வாசனைக்கு ஏது தாழ்ப்பாள். முன் வரிசையில் இருந்த காளியம்மா அத்தை மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு, "சாம்பாரு வாசன வருதே" என்றார் என்னிடம். எங்களுக்குத்தான் அத்தை என்றேன். அம்மாவின் பொய்யை அப்படியே வாங்கிச் சொன்னேன். அத்தை தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தார்.

இரண்டு கார்கள் வந்தன. ஒய்பி இறங்கினார். ஐந்து வருடத்தில் ஆள் இளைத்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. விடியலிலிருந்து சுங்கை செம்பிலாங்கில் மீன்பிடிக்காரர்களோடு இருந்துவிட்டு வருவதாக அவருடைய உதவியாளர் செல்வா சொன்னார். எல்லாருக்கும் கும்பிடு போட்டு உட்கார்ந்தார். அப்பா கடிதம் வைத்த பிளாஸ்டிக் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு நாளாக மனப்பாடம் செய்ததைச் சொன்னார். "ஒய்பி, மொதல்ல இந்த சூராட்ட பார்த்துடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்." ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒய்பி கடிதத்தை எடுத்தார், படித்தார், சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்து மூடியைக் கழற்றினார். இன்றைக்கும் அந்த மூடியைக் கழற்றிய விரல்கள் என் கண்ணுக்குள் நிற்கின்றன. அப்போது அவர் கண்ணை ஒரு நிமிடம் மூடித் திறந்தார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. ஏதாச்சும் இருக்கா?"

அவர் கையிலிருந்த கடிதம் ஆடியது. காற்று இல்லை, கைதான் ஆடியது. நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. செல்வா பதறிப்போய் மிட்டாய் இருக்கிறதா என்று பையைத் துழாவினார், கிடைக்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரர் என்று அப்போதுதான் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார், அம்மா அடுப்படிக் கதவைப் பார்த்தார், இருவரும் அசையவில்லை. கூட்டத்தில் பேசி வைத்தபடியே நின்றார்கள். கையெழுத்தைப் போட்டுடுங்க ஒய்பி, இதோ கொண்டுவர்றோம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மூன்று விநாடி வேலை, மனிதர் செத்துவிட மாட்டார். அந்த வாக்கியம் என் வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் நான் அடுப்படிக் கதவைத் திறந்து உள்ளே நின்றுகொண்டிருந்தேன். நாற்பது பக்கம் எழுதிய நான்தான் தட்டில் நாலு தோசை வைத்தேன், சாம்பார் ஊற்றினேன், சட்னி வைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, போதாக்குறைக்கு, இன்னொன்னு வைக்கட்டுமா ஒய்பி என்றும் கேட்டேன்.

அவர் அவசரமாகச் சாப்பிட்டார். முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், ஏமாற்றிவிட்டான் என்று திட்டிவிட்டுப் போகலாம். நிஜப் பசி. இரண்டாவது தோசைக்குள் செல்வா தெளிந்துவிட்டார். போனை எடுத்து, ஐயா இப்படிப் பக்கத்துல உக்காருங்க, அம்மா நீங்க பரிமாறுங்க லா என்று ஒவ்வொருவரையும் நகர்த்திப் படம் எடுத்தார். அம்மா சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். கடிதம் மேசையில் சாம்பார் தூக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. சாப்பிடுகிற மனிதரிடம் அதை எப்படி நீட்டுவது? ஐந்து வருடத்துக்கு முன்பு நின்ற அதே இடத்தில் அப்பா நின்றார். கை கழுவியதும் ஈஜோக்கிலிருந்து போன் வந்தது, அங்கே மண்டபத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்களாம். "உயிர் வந்துச்சும்மா. வீட்டுச் சாப்பாடுன்னா இதுதான்" என்று அம்மாவிடம் சொன்னார் ஒய்பி. கடிதத்தை எடுத்துச் செல்வாவிடம் கொடுத்து, ஆபீசில் முத்திரையோடு கையெழுத்துப் போட்டு அனுப்புவதாக அப்பாவின் தோளைத் தட்டினார். கார்கள் போய்விட்டன. மூடி கழற்றிய பேனா மேசையிலேயே கிடந்தது.

நாற்காலிகளை அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா எல்லாரையும் பசியாறக் கூப்பிட்டார். சிலர் வந்தார்கள், சிலர் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். "காளி, வா, ரெண்டு தோச சாப்டு போ" என்று அம்மா குரல் கொடுத்தபோது காளியம்மா அத்தை திரும்பிப் பார்க்காமல் தன் வீட்டுக்குள் போனார்.

இரண்டு மணிக்குப் படம் முகநூலில் வந்தது. புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு மகிழ்ச்சியோடு குடிபோகத் தயாராகும் தோட்ட மக்களுடன் காலைப் பசியாறல் என்று தலைப்பு. நடுவில் ஒய்பி, பக்கத்தில் அப்பா, பின்னால் கரண்டியோடு நான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எப்போது சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் தலைமையாசிரியை இதயம் போட்டிருந்தார். செல்வாவுக்குப் போன் செய்தேன். அது ஆபீஸில் எழுதியது அக்கா, மாத்தச் சொல்றேன் என்றார். மாறவில்லை. வக்கீலைக் கூப்பிட்டேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரன் இந்தப் படத்தைத்தான் முதலில் காட்டுவான் என்றார். நாங்கள் சம்மதிக்கவில்லை என்று பதினோரு குடும்பமும் கையெழுத்துப் போட்டு நாளைக் காலை அவர் மேசைக்கு வர வேண்டும். ஒன்று குறைந்தாலும், லயத்துக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

புக்கிட் ரோத்தான் போய் அப்படியொரு கடிதத்தை அச்சடித்துக்கொண்டு வந்தேன். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒய்பி விட்டுப்போன பேனாதான் கையில் இருந்தது, அதிலேயே போட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிச்ச புள்ளயே இப்படிப் பண்ணிட்டியே என்று யாராவது திட்டியிருந்தால் தேவலை. கடைசி வீட்டில் ஒரு அக்கா, பசிக்குதுன்னு கேட்டுட்டாரே, என்ன பண்றது என்று எனக்கே ஆறுதல் சொன்னார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்துப் பெயருக்கு நேரே கையெழுத்து இருந்தது. பதினோராவது காளியம்மா.

நான் கிளம்பும்போது அம்மா தட்டை நீட்டினார். நாலு தோசை, ஓரத்தில் சட்னி, மேலே எவர்சில்வர் மூடி. "இதயும் எடுத்துக்கிட்டுப் போ. வெறுங்கையோட போவாத." வலது கையில் தட்டும் இடது கையில் கடிதமுமாக வாசல்படி இறங்கினேன். பத்து எட்டுதான் தூரம். நாலாவது எட்டில் நின்றுவிட்டேன். ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் கையெழுத்து. நான் எழுதிய நாற்பது பக்கத்தில் இப்படி வருகிற ஆட்களை எவ்வளவு கிண்டல் செய்திருந்தேன். திரும்பிப் போய்த் தட்டை அடுப்படி மேசையில் வைத்தேன். என்னாச்சு என்று அம்மா கேட்டார். அம்மாவுக்கு விளங்க வைக்கிற தெம்பு எனக்கு இல்லை. கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

அத்தை வாசல்படியில் உட்கார்ந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது மாடிக்குப் போனால் அந்தக் கோழிகள் எங்கே போகும் என்று எனக்குத் தோன்றியது, இவ்வளவு நாளும் தோன்றியதில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். தப்பு என்னுடையது அத்தை என்றேன்.

"தெரியும். ஒங்கப்பன் போவான்னு நெனச்சேன். ஒங்கம்மா போவான்னு நெனச்சேன். அவங்க ரெண்டு பேரும் கல்லு மாரி நின்னாங்க. நீ போவேன்னு நான் நெனைக்கல."

"பசிக்குதுன்னு சொன்னாரு அத்த. கை ஆடுச்சு."

அத்தை கோழிகளையே பார்த்தார்.

"எனக்குந்தான் பசிச்சுச்சு" என்றார்.

காலையில் வெறும் கோப்பியோடு எட்டரை மணிக்கு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தவர். எங்களுக்குத்தான் என்று அவரிடம் சொன்ன தோசை. மத்தியானமும் அவர் வீட்டிலிருந்து தாளிக்கிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அழ வேண்டும் போலிருந்தது, அழக்கூடச் சோர்வாக இருந்தது. கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, படி என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். படித்தேன். சம்மதிக்கவில்லை என்கிற இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு வாங்கிப் பக்கத்தில் படியின்மேல் வைத்துக்கொண்டார். பேனாவை அதன் பக்கத்தில் வைத்தேன். அவர் எடுக்கவில்லை.

"வெறுங்கையோடயா வந்த?" என்றார், சாலையைப் பார்த்தபடி. "ஒங்கம்மா ஒண்ணும் குடுத்து விடலயா?"

நான் எழுந்து போனேன். அம்மா மேசைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார், பலகைச் சுவர் வழியாக எல்லாம் கேட்டிருக்கும். தட்டை என் கையில் வைத்தார். தோசை ஆறிப்போயிருந்தது. செம்பனைப் பக்கமிருந்து காற்று எழும்பி, லயத்து வாசலில் சருகுகளை ஓட்டிக்கொண்டு வந்தது. நான் திரும்பி வரும்போது படியின்மேல் இருந்த கடிதம் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு பறக்கப் பார்த்தது. அத்தை உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்திருந்தார்.

என் கையிலிருந்து தட்டை வாங்கினார். மூடியைத் திறக்கவில்லை. பறக்காமலிருக்கத் தட்டைத் தூக்கிக் கடிதத்தின்மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். தட்டுக்கு வெளியே காகிதத்தின் அடிப்பகுதி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் காளியம்மா என்கிற பெயரும், அதற்கு நேரே இருந்த வெறும் கோடும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.